பினாங்குப் பாம்புகள்: கோயிலில் வணக்கம், கொல்லையில் தடி

திங்கள், பாயான் லெப்பாஸ்

பினாங்கு விமான நிலையத்துக்குப் போகும் வழியில், தொழிற்பேட்டையின் வாகன இரைச்சலுக்கு நடுவே, சுங்கை குளுவாங்கில் இருக்கிறது பாம்புக் கோயில். சோர் சூ கோங் என்னும் துறவியின் நினைவாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த சீனக் கோயில் இது. காட்டிலிருந்து வந்த பாம்புகளுக்கு அத்துறவி தம் இருப்பிடத்தில் அடைக்கலம் தந்தார் என்றும், கோயில் கட்டி முடித்ததும் பாம்புகள் தாமாகவே வந்து குடியேறின என்றும் சொல்கிறார்கள். சீனப் புத்தாண்டின் ஆறாம் நாள் அவருடைய பிறந்த நாளாதலால் அன்று கூட்டம் நிரம்பி வழியும். நான் போனது சாதாரண வேலை நாள். பூசை மேடைக்கருகே நிறுத்திவைத்திருந்த காய்ந்த கிளைகளில் சுருண்டு கிடந்த பாம்புகளை நிதானமாகப் பார்க்க முடிந்தது.

அவை வேக்லர் குழிவிரியன்கள். பெண் பாம்பு தடித்த உடலும் அகன்ற முக்கோணத் தலையும் கொண்டது. கருமையும் பச்சையும் கலந்த உடலில் மஞ்சள் பட்டைகளுடன் ஏறக்குறைய ஒரு மீட்டர் வரை வளரும். ஆண் பாம்பு மெல்லியது; பச்சை உடலில் சிவப்பும் வெள்ளையுமாகச் சிறு கோடுகளும் புள்ளிகளும் இருக்கும். இரண்டும் ஓர் இனமென்று பழகாத கண்ணுக்குத் தெரியாது. ஊதுவத்திப் புகையில் மயங்கியே இவை அசையாமல் கிடக்கின்றன என்று வருகிறவர்களெல்லாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். புகையே இல்லாத காட்டிலும் இவை இப்படித்தான் கிடக்கும். இரவில் இயங்குபவை, ஒரே கிளையில் நாள்கணக்கில் காத்திருந்து, எட்டும் தூரத்தில் வருகின்ற பறவையையோ எலியையோ பிடித்து உண்பவை. நஞ்சுடைய பாம்புகள் என்பதால் தொட வேண்டாம் என்று எச்சரிக்கை எழுதி வைத்திருக்கிறார்கள்.

எனக்கு முன்னால் நின்ற தமிழ்ப் பாட்டி ஒருவர் அந்தக் கிளையைப் பார்த்துக் கைகூப்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பேச்சுக் கொடுத்தேன். வீட்டுப் பக்கம் பாம்பு வந்ததுண்டா என்று கேட்டதற்கு, "போன மாசம் அடுப்பங்கரையில ஒண்ணு வந்துச்சு தம்பி, எங்க வீட்டுக்காரரு அடிச்சுப் போட்டுட்டாரு" என்றார். எப்படி இருந்தது என்று விசாரித்தேன். பழுப்பு நிறம், பென்சில் பருமன், கழுத்தில் வெளுத்த பட்டை, பல்லியைத் துரத்திக்கொண்டு வந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். அந்த அடையாளங்கள் நஞ்சே இல்லாத ஓநாய்ப் பாம்புக்கு உரியவை. நஞ்சுள்ளது மேடையில் பத்திரமாக இருக்க, நஞ்சற்றது அடுப்பங்கரையில் உயிர்விட்ட கதையைப் பாட்டி எவ்வித முரண்பாடும் தோன்றாமல் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

இந்தப் பயணத்தின் நோக்கமே அதுதான். கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் எனக்கு, பாம்பை அடித்த பெருமையோடு மாணவர்கள் கொண்டுவரும் படங்களைப் பார்த்துப் பார்த்து, அடிபடுவது எது, ஏன் அதுவே அடிபடுகிறது என்று அறிய வேண்டுமென்ற எண்ணம் வலுத்துவிட்டது. தீபகற்ப மலேசியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட பாம்பு வகைகள் உள்ளன. மனிதருக்கு ஆபத்தானவை அவற்றில் சிறு பகுதியே. ஆனால் மனிதர் கண்ணில் அடிக்கடி படுபவை வீட்டையும் தோட்டத்தையும் அண்டி வாழ்பவை. பெரும்பாலும் தீங்கற்றவை அவையே என்பதுதான் அவற்றின் கேடு.

செவ்வாய், ஆயர் ஈத்தாம்

அத்தை வீடு மலையடிவாரத்து வரிசை வீடுகளில் ஒன்று. பின்வாசலைத் திறந்தால் சாக்கடை, அதற்கப்பால் புதர், அதற்கும் மேலே காடு. காலையில் பக்கத்து வீட்டு லோரி ஓட்டுநர் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, முந்தின இரவு தாம் அடித்த "கட்டுவிரியனை"ச் சாக்கடையில் காட்டினார். குச்சியால் திருப்பிப் பார்த்தேன். இதுவும் ஓநாய்ப் பாம்புதான். அரை மீட்டர்கூட இல்லை. பழுப்பு முதுகில் வெண்மையும் மஞ்சளுமாகச் சிதறிய புள்ளிகள், பிடரியில் வெளிர்ப் பட்டை. வயிற்றில் ஒரு பல்லி செரித்தும் செரியாமலும் இருந்தது.

அண்ணனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கட்டுவிரியன் பற்றிய அவருடைய அச்சத்தில் நியாயம் இருக்கிறது. மலாயாக் கட்டுவிரியன் இந்நாட்டில் உண்மையாகவே வாழ்கிறது. அதன் நஞ்சு நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்தக்கூடியது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாமல் போவதால், உறக்கத்தில் கடிபட்டவர் விழித்துப் பார்த்து அலட்சியமாக மீண்டும் படுத்துவிடுவதும் உண்டு. தோட்டத்து லயன் வீடுகளில் தரையில் பாய் விரித்துப் படுத்து வளர்ந்த தலைமுறை அந்தப் பாம்பைக் குழந்தைக் கதை போல மறந்துவிட முடியாது. தமிழ்நாட்டிலும் இதே குழப்பம் நிலவுகிறது; அங்கே ஓநாய்ப் பாம்பின் நெருங்கிய உறவான வெள்ளிக்கோல் வரையன், கட்டுவிரியனின் பெயரால் காலங்காலமாக அடிபட்டு வருகிறது.

ஆகவே அண்ணனிடம் "பயப்படாதீர்கள்" என்று சொல்லாமல், வேறுபாட்டைப் பேசினேன். மலாயாக் கட்டுவிரியனின் உடலில் கறுப்பும் வெள்ளையும் அகன்ற பட்டைகளாகத் தெளிவாகப் பிரிந்திருக்கும். உடல் வழுவழுவென்று மின்னும். முழுதும் வளர்ந்தால் ஒரு மீட்டரைத் தாண்டும். வீட்டு ஓநாய்ப் பாம்பில் அப்படித் தெளிவான பட்டைகள் இல்லை. சுவரேறும், கூரை இடுக்கில் நுழையும், பல்லியைத் தேடியே வரும். சீண்டினால் தயங்காமல் கடிக்கும் என்பதையும் மறைக்கவில்லை. அக்கடியில் நஞ்சில்லை, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். ஆயினும் இருட்டில், மங்கிய விளக்கில், பதற்றத்தில் யாருக்கும் பட்டையும் புள்ளியும் பிரித்தறிய வராது. அடையாளம் தெரியாத பாம்பைக் கையால் தொடவும் கூடாது, தடியால் அடிக்கவும் கூடாது. அடிக்கப் போகிற தூரத்தில்தான் கடியும் கிடைக்கிறது. கதவின் கீழ் துணியைத் திணித்து அறையை அடைத்துவிட்டு, 999க்கு அழைத்தால் பொதுத் தற்காப்புப் படையோ தீயணைப்பு மீட்புப் படையோ வரும்.

"அவங்க வர்ற வரைக்கும் அது அங்கேயே இருக்குமா தம்பி?" என்று அண்ணன் கேட்டார். நல்ல கேள்வி. பல நேரங்களில் இருப்பதில்லை, வந்த வழியே போய்விடுகிறது. போய்விட்டால் நமக்கு என்ன நட்டம் என்று நான் திருப்பிக் கேட்டேன். கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருப்பதாக நினைத்தால் தமக்குத் தூக்கம் வராது என்றார். அடிப்பது பாம்பின் மேலுள்ள கோபத்தால் அல்ல, தூக்கம் வர வேண்டும் என்பதற்காக என்று அவர் சொன்ன பிறகு, இதுவரை நான் வகுப்பில் எடுத்துவந்த "பாம்பு உழவனின் நண்பன்" பாடம் யாருடைய கையிலிருந்தும் தடியைக் கீழே வைக்கச் செய்யாததன் காரணம் விளங்கியது.

மாலையில் அத்தை வாசலைச் சுற்றிக் கந்தகம் தூவினார். இத்தீவில் எல்லா இனத்தவரும் செய்கிற காரியம் அது; கடைகளில் பொட்டலமாகவே விற்கிறார்கள். கந்தகத்தைப் பாம்பு பொருட்படுத்துவதில்லை. அதற்குச் செலவிடும் நேரத்தில் பின்வாசல் கதவின் அடியிலுள்ள இரண்டு விரல் இடைவெளியை அடைத்து, சாக்கடை வாய்க்குக் கம்பி வலை போட்டு, பூனைக்கு வைத்த மீதிச் சோற்றை இரவில் எடுத்துவிட்டால் எலி வருவது குறையும், எலியைத் தேடி வருவதும் குறையும். அத்தை கேட்டுக்கொண்டார். கந்தகத்தையும் தூவி முடித்தார்.

புதன், தண்ணீர்மலை

பாலதண்டாயுதபாணி கோயிலின் 513 படிகளையும் ஏறி இறங்கியபின், அருகிலேயே இருக்கும் தாவரவியல் பூங்காவுக்கு நடந்தேன். 1884இல் சார்லஸ் கர்ட்டிஸ் உருவாக்கிய பூங்கா. முன்பு கல்லுடைக்கும் குழியாக இருந்த இடம். மழைமர நிழலில் நான் நின்றிருந்தபோது, ஓடையோரக் கைப்பிடிச் சுவரில் ஒரு பாம்பு வெயில் காய்வதைக் கண்டு நடைப்பயிற்சிக்கு வந்த சிலர் கூடிவிட்டனர்.

பறக்கும் பாம்பு அது. கறுப்பு விளிம்பிட்ட பச்சைச் செதில்கள், முதுகு நெடுகச் செம்மஞ்சள் பூக்களை வரிசையாக வைத்தாற்போன்ற புள்ளிகள். உயரக் கிளையிலிருந்து தன்னை எறிந்துகொண்டு, விலா எலும்புகளை விரித்து, வட்டமான உடலை ஏறக்குறைய இருமடங்கு அகலமாகத் தட்டையாக்கி, காற்றிலேயே நெளிந்து நெளிந்து அடுத்த மரத்துக்குச் சறுக்கிப் போகும். அந்த நெளிவு வெறும் பழக்கமன்று. காற்றில் கவிழாமல் உடலை நிலைநிறுத்துவது அதுவே என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2020இல் கணித மாதிரியுடன் காட்டியிருக்கிறார்கள். பின்பல்லில் இருக்கும் மெல்லிய நஞ்சு பல்லியை அடக்கப் போதும், மனிதருக்கு ஆபத்தில்லை. கூட்டத்தில் ஒருவர் அதைப் பறக்கவைத்துப் படமெடுக்கச் சிறு கல்லை எடுத்தார். நான் வாய் திறப்பதற்குள் ஒரு மலாய் அம்மாள் அவரை அதட்டிக் கல்லைக் கீழே போடச் செய்துவிட்டார். பாம்பு சுவரின் மறுபக்கம் இறங்கிப் போனது. பறக்கவில்லை.

பூங்காவில் துப்புரவுப் பணி செய்யும் தமிழர் ஒருவர், கொம்பேறி மூக்கனையும் பச்சைப் பாம்பையும் இங்கே அடிக்கடி காண்பதாகச் சொன்னார். கடித்தவன் பிணம் எரிவதைச் சுடுகாட்டு மரத்தில் ஏறிப் பார்க்கும் என்று நாம் கதைகட்டிவிட்ட கொம்பேறி மூக்கன், வெண்கல முதுகும் கண்ணை ஊடுருவும் கறுப்புக் கோடுமாகத் தவளையும் பல்லியும் தேடி அலைகிற நஞ்சற்ற உயிர். கண்ணைக் கொத்தும் என்று பேர் வாங்கிய பச்சைப் பாம்போ கூரிய முகமும் கிடைக்கோடான கண்மணியும் கொண்டு, இரையின் தொலைவை அளக்க முகத்தை நேராக நீட்டிப் பார்க்கும். அந்தப் பார்வையைத்தான் நாம் குறிவைப்பதாக நினைத்துவிட்டோம் போலும். ஒன்று மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். பச்சை நிறமெல்லாம் சாதுவன்று. திங்களன்று பார்த்த குழிவிரியனின் ஆணும் குட்டியும் பச்சையே. ஆகவே பச்சைப் பாம்பைக் காப்பாற்றக் கற்பிக்கிறவர் அதைக் கையிலெடுத்துக் காட்டிக் கற்பிக்கலாகாது.

வியாழன்

நாள் முழுதும் மழை. அத்தை வீட்டு வரிசையின் கோடி வீட்டில் எலிக்கு வைத்த பசைத்தட்டில் ஒரு குட்டி ஓநாய்ப் பாம்பு ஒட்டிக்கொண்டதென்று என்னைக் கூப்பிட்டார்கள். பாம்பு இன்னதென்று முதலில் விளக்கொளியில் உறுதிசெய்துகொண்டு, தடித்த கையுறையோடு, சமையல் எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றிப் பசையை இளக்கி விடுவித்தேன். இழுத்தால் தோல் கிழிந்துவிடும். எண்ணெய் ஊறும்வரை பொறுமை வேண்டும். லோரி அண்ணன் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றார். ஒன்றும் பேசவில்லை.

வெள்ளி, பாயா தெருபோங்

பொதுத் தற்காப்புப் படையில் தொண்டூழியராக இருக்கும் ஓர் அண்ணனுடன் இன்று இருந்தேன். பகலில் தொழிற்சாலை வேலை, அழைப்பு வந்தால் பாம்பு. மதியம் கடைவரிசையின் பின்புறச் சாக்கடையில் மலைப்பாம்பு என்று தகவல் வந்தது. இரண்டு மீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். எலியை விழுங்கிய வயிற்றோடு நகர முடியாமல் கிடந்தது. அவர் முதலில் செய்த வேலை பாம்பிடம் போவதன்று. ஒருவர் தோளுக்கு மேல் ஒருவராகக் கைப்பேசி நீட்டிய கூட்டத்தைப் பத்தடி பின்னுக்குத் தள்ளியது. பாம்பைப் பையில் இறக்க எடுத்த நேரத்தைவிட அதற்கு அதிக நேரம் பிடித்தது. ஏற்கெனவே யாரோ செங்கல்லால் எறிந்ததில் அதன் நடு முதுகில் காயம் இருந்தது.

வலைப்பின்னல் கோலமிட்ட இந்த மலைப்பாம்பு உலகிலேயே நீளமான பாம்பினம். நஞ்சில்லை. அதனால் எந்த அளவிலும் தீங்கற்றது என்று எழுத மாட்டேன். மூன்று நான்கு மீட்டரைத் தாண்டியதிடம் ஒருவர் தனியாகப் போவது அறிவீனம். சாக்கடையில் காணப்படுகிற பெரும்பாலானவை அந்த அளவை எட்டாதவை, எலி தின்று நகரத்துக்கு ஊதியமில்லா வேலை பார்ப்பவை. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காக்கப்பட்ட இனமும்கூட. உரிமமின்றிப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். கடைக்காரர்களில் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை.

இதே பாயா தெருபோங்கில்தான் 2016 ஏப்ரலில் மேம்பாலக் கட்டுமான இடத்தில், சாய்ந்த மரத்தடியில், 8 மீட்டர் இருக்கலாம், 250 கிலோ எடை என்று மதிப்பிட்ட பெண் மலைப்பாம்பு பிடிபட்டது. உலகச் செய்தித்தாள்களெல்லாம் எழுதின. சில நாள்களில், ஒரு முட்டையிட்ட பிறகு, அது இறந்துபோனது. நீளத்தைப் பற்றி அன்றைக்கு எழுதியவர்கள் முட்டையைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டார்கள் என்பது எனக்கு இன்றும் உறுத்தல்.

பிடித்த பாம்பை எங்கே விடுவது என்பது அடுத்த சிக்கல். மக்கள் "ரொம்ப தூரத்துல விட்டுருங்கண்ணே" என்கிறார்கள். உடலில் அலைபரப்பி பொருத்திப் பல நாடுகளில் பின்தொடர்ந்து பார்த்தவர்கள், அறியாத காட்டில் விடப்பட்ட பாம்புகள் பதுங்குமிடமும் இரையும் தெரியாமல் அளவுக்கு மீறி அலைந்து, கூடுதலாக இறக்கின்றன என்று கண்டிருக்கிறார்கள். பிடித்த இடத்துக்குப் பக்கத்துக் காட்டிலேயே விடுவது பாம்புக்கு நல்லது. ஆனால் பக்கத்தில் காடு வேண்டுமே. பினாங்கில் 76 மீட்டர் உயரத்துக்கு மேற்பட்ட நிலம் மலைநிலமாக வரையறுக்கப்பட்டுக் கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. கோட்டுக்குக் கீழே வீடுகள் அடிவாரத்தை நெருக்கிக்கொண்டு எழுவதால், காட்டுக்கும் அடுப்பங்கரைக்கும் இடையில் சாக்கடையின் அகலமே மிச்சம் இருக்கிறது. 2021இல் யுனெஸ்கோ, பினாங்கு மலை எனப்படும் கொடிமலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அதன் எல்லை எதுவென்று மலைப்பாம்புக்கு யார் சொல்வது என்று அண்ணன் சிரித்தார்.

சனி, பாலேக் பூலாவ்

தீவின் மேற்குப் பக்கம் இன்னும் கம்பமாகவே, அதாவது கிராமமாகவே இருக்கிறது. டுரியான், ஜாதிக்காய், கிராம்பு. கடலோரத்தில் கோலா சுங்கை பினாங்குப் பக்கம் கண்டல் காடு. செம்பனைத் தோட்டத்தில் நெடுநாள் வேலைசெய்து ஓய்வுபெற்று, இப்போது சிறு பழத்தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர் வீட்டில் மதியச் சாப்பாடு. தொண்டூழிய அண்ணனும் வந்திருந்தார்.

பெரியவருக்குச் சாரைப் பாம்பின்மேல் தனி மரியாதை உண்டு. செம்பனைக் காயை எலி எப்படிக் குதறும் என்று பார்த்தவர். எலியை ஒழிக்கத் தோட்டங்கள் ஆந்தைக்குப் பெட்டி கட்டிவைத்த காலத்தையும், நஞ்சு வைத்த காலத்தையும் பார்த்தவர். பொந்துக்குள்ளேயே நுழைந்து குஞ்சோடு தின்கிற வேலையை ஆந்தை செய்யாது, சாரைதான் செய்யும் என்றார். ஆனால் அவரே காய்கறிப் பாத்தியைச் சுற்றித் தரையோடு கட்டியிருந்த மெல்லிய நைலான் வலையில் சாரை ஒன்று சிக்கிச் செத்துக் காய்ந்திருந்தது. காட்டியதும், வலையைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்திக் கட்டிவிடுவதாகவும், கீழே தகரம் வைத்துக்கொள்வதாகவும் உடனே சொன்னார். அச்சம் இல்லாதவர் கையாலும் பாம்பு சாகிறது என்பதால் இதையும் எழுதுகிறேன்.

கண்டல் காட்டு ஓரத்தில் இறால் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களிடம் பேசினோம். வலையில் மாட்டும் நாய்முக நீர்ப்பாம்பைக் கடற்பாம்பென்று நினைத்து அடித்துவிடுவதாகச் சொன்னார்கள். சேற்றில் மீன் பிடித்துத் தின்னும் அதன் நஞ்சு மனிதரை ஒன்றும் செய்யாது. கண்டல் மரக்கிளையில் படுத்திருக்கும் தங்க வளையப் பூனைப் பாம்பு, மஞ்சள் கட்டுவிரியனின் கணக்கில் சாகிறது: பூனைப் பாம்பில் கறுப்பின்மேல் மஞ்சள் குறுகிய கோடுகளாக இருக்கும், கட்டுவிரியனில் கறுப்பும் மஞ்சளும் ஏறத்தாழ ஒரே அகலம், முதுகு கூரை முகடாகக் கூர்ந்து, வால் மழுங்கி முடியும்.

என் பள்ளிக்குத் தமிழில் ஒரு சுவரொட்டி தயாரிக்கப் போவதாகச் சொன்னபோது விவாதம் தொடங்கியது. ஆபத்தான நாகம், ராஜநாகம், கட்டுவிரியன், குழிவிரியன்களை மட்டும் பெரிதாகப் போடுங்கள், அவற்றைத் தெரிந்துகொண்டால் மற்றதை விட்டுவிடுவார்கள் என்பது தொண்டூழிய அண்ணனின் கட்சி. பயமுறுத்தும் படத்தை மட்டும் பார்த்தவன் எல்லாப் பாம்பிலும் அதையே காண்பான், சாதுவானதைப் போடுங்கள் என்பது பெரியவரின் கட்சி. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் இணை இணையாகப் போடலாமென்று எண்ணுகிறேன்: ஓநாய்ப் பாம்புக்குப் பக்கத்தில் கட்டுவிரியன், பச்சைப் பாம்புக்குப் பக்கத்தில் பச்சைக் குழிவிரியன், பூனைப் பாம்புக்குப் பக்கத்தில் மஞ்சள் கட்டுவிரியன். அடியில் 999, கடிபட்டால் இறுக்கிக் கட்டாமலும் கீறாமலும் கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்ற வரி, பாம்பை அடித்து எடுத்துப்போகத் தேவையில்லை, தள்ளிநின்று எடுத்த படமே மருத்துவருக்குப் போதும் என்ற வரி. படங்கள் பகலில் எடுத்தவையாக இருக்கக் கூடாது, வீட்டு விளக்கில் சுவரோரம் தெரிவதுபோல இருக்க வேண்டும் என்று அண்ணன் சொன்னதை மட்டும் மூவரும் ஒப்புக்கொண்டோம். அப்படிப்பட்ட படங்கள் தம் கைப்பேசியில் நிறைய இருப்பதாகவும், பெரும்பாலானவற்றில் பாம்பு உயிரோடிருப்பதாகவும் சொல்லி, இன்றிரவே அனுப்பிவைப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.